ஜோதிமணி டாக்கீஸின் தெற்குச் சுவர்

இடிக்கிற எந்திரம் முந்தின நாளே வந்து வாசலில் நின்றுகொண்டிருந்தது. அதன் நிழலில் ஒரு பெண் கொய்யாப்பழக் கூடையை இறக்கி வைத்து வியாபாரத்தைத் தொடங்கியிருந்தாள். மறுநாள் காலை ஏழு மணிக்கு ஜோதிமணி டாக்கீஸ் தரைமட்டம். அதற்குள் தெற்குச் சுவரில் மிச்சமிருப்பதைப் படித்து முடித்தாக வேண்டும்.

ஜெசிந்தா நோட்டில் எழுதினாள்: 'காலை 10.05. வந்து சேர்ந்தோம். வெயில். காற்று இல்லை.' காற்று இல்லை என்பது உண்மைதானா என்று ஒரு விரலை நனைத்துத் தூக்கிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் சின்னதாக ஒரு கேள்விக்குறி போட்டாள்.

அவளுக்கு இருபத்திரண்டு வயது. பகலில் சுவரொலி ஆவணப் பிரிவில் ஒப்பந்த வேலை. சாயங்காலம் ஆறு மணிக்கு மாலைக் கல்லூரியில் இயற்பியல், இரண்டாம் வருடம். எதைச் செய்தாலும் நேரம் போட்டு எழுதிவைத்தால்தான் அதைச் செய்தோம் என்ற நம்பிக்கை வரும் அவளுக்கு. "மூச்சு விட்டதையும் எழுதிக்கோம்மா, ஆடிட்ல கேப்பாங்க" என்பார் நாசர். சுவரைப் படிக்கிற எந்திரத்தை இயக்குவது நாசரின் வேலை. சுவர் சொல்வதைக் கேட்டுக் குறிப்பெடுப்பது ஜெசிந்தாவின் வேலை.

இன்றைக்கு அவர்களோடு மூன்றாவதாக ஒருத்தர் வந்திருந்தார். சண்முகக்கனி. நாற்பத்தொரு வயதுப் பெண், பள்ளிச் சத்துணவு அமைப்பாளர். பூட்டிக் கிடந்த கட்டிடத்துக்குள் நுழையும்போது எல்லோரும் காலைப் பார்த்துப் பார்த்துத்தான் வைப்பார்கள். இவரோ தன் வீட்டு அடுப்படிக்குள் நுழைகிற மாதிரி நேராக நடந்தார்.

"இந்த ஓட்டைக்குள்ள கைய விட்டா வெளிய எடுக்க முடியாது" என்று டிக்கெட் கவுண்டரைக் காட்டினார். "காசோட உள்ள போன கை, டிக்கெட்டோட வரும்போது செராய்ச்சுக்கிட்டு வரும். இது பொம்பளைக பக்கம். நடுவுல இடுப்பளவு சுவரு. அந்தா, அது தரை டிக்கெட்டு. மணலு."

மணல் இப்போதும் இருந்தது. அதன்மேல் புறா எச்சமும், ஓடு விழுந்த இடத்தில் முளைத்த எருக்கஞ்செடியும். திரை இருந்த இடத்தில் வெறும் வெள்ளைச் சுவர். தெற்குச் சுவர் மட்டும் வேறு நிறம். ஆள் உயரத்துக்கு மேலே, ஆபரேட்டர் அறையின் ஓட்டை வரைக்கும், காய்ச்சிய வெல்லப்பாகை ஊற்றிவிட்ட மாதிரி பழுப்பேறியிருந்தது.

"சுவரு எப்படித் தம்பி பேசும்?" என்றார் சண்முகக்கனி.

"சுவரு பேசாதுக்கா, பீடி பேசும்" என்றார் நாசர். "ஒரு ஆட்டத்துக்கு எரநூறு பேரு. ஆளுக்கு நாலு பீடி. அந்தப் புகை போய் சுவத்துல பிசின் மாதிரி ஒட்டிக்கிடும். அது காயுறதுக்குள்ள கொட்டகையில என்ன சத்தம் கேட்டாலும் அதோட அதிர்வு அதுல விழுந்துரும். அடுத்த ஆட்டத்துக்கு அதுக்கு மேல இன்னொரு பூச்சு. பதினாலு வருசப் பூச்ச ஒரு மாசமா உரிச்சு, இப்ப நீங்க கேட்ட நாளு மேல வந்து நிக்குது."

"உரிச்சா?"

"எந்திரத்தோட கதிர் தொட்டுப் படிச்ச எடம் ஆவியாப் போயிரும்க்கா. ஒரே தடவதான். ரெண்டாவது தடவ கேக்கணும்னா சுவத்துல இருக்காது, பதிவுலதான் இருக்கும். இன்னொன்னு, மேல இருக்குறது கடைசியா ஒட்டுனது. அதனால படத்தோட கடைசி முதல்ல வரும். முந்தினது அப்புறம் வரும்."

இந்த வேலை தொடங்கிய புதிதில் ஊர் ஊராக ஜனங்கள் பழைய கொட்டகைகளுக்குப் படையெடுத்தார்கள். செத்துப்போன மகனின் விசிலைக் கேட்க ஒரு தாய் பதினொரு நாள் வந்தாள். பன்னிரண்டாம் நாள் அந்தச் சுவரில் படிக்க ஒன்றும் மிச்சமில்லை. இன்னொரு ஊரில், முப்பது வருடத்துக்கு முன்னால் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து முறுக்குக் கேட்ட பெண்குரல் யாருடையது என்று கண்டுபிடித்த ஒருத்தி அன்றே தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். அதன் பிறகு ஆபீஸில் ஒரு படிவம் அடித்தார்கள். கேட்ட பிறகு வருந்தினால் துறை பொறுப்பல்ல என்று அதில் கையெழுத்து வாங்க வேண்டும். சண்முகக்கனி படிக்காமலே போட்டுக் கொடுத்தார்.

ஜெசிந்தா மட்டும் விடவில்லை. "எதக் கேக்க வந்திருக்கீங்கன்னு நோட்டுல எழுதணும்க்கா" என்றாள்.

இருவரும் ஆபரேட்டர் அறைக்கு இரும்புப் படியில் ஏறிக்கொண்டிருந்தார்கள். சண்முகக்கனி ஒரு படியில் நின்றார்.

"நான் பொறந்த அன்னைக்கு எங்கப்பா இங்க மேட்னி பாத்துக்கிட்டு இருந்தாரு. அய்யாக்குட்டின்னு பேரு, தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை. எங்க அம்மாவுக்குத் திடீர்னு வலி வந்து, தூக்கிட்டு ஓடியிருக்காங்க. ரத்தம் நிக்கல. ஆபரேசன் பண்ணணும், புருஷன் கையெழுத்து வேணும்னுட்டாங்க. நாலரை மணிக்கு அடுத்த வீட்டு ராஜக்கனி அத்தை இங்க ஓடி வந்து சொன்னா. ஆபரேட்டர் யாரு? எங்க அம்மாவோட கூடப்பொறந்த அண்ணன். தங்கமாரி மாமா. அவரு ஒடனே கண்ணாடியில சிலைடு எழுதித் திரையில போட்டாரு. எங்கப்பா பாத்துக்கிட்டே உக்காந்திருந்தாரு. படம் முடிஞ்சு அஞ்சு பத்துக்குத்தான் எந்திரிச்சாரு. ஆஸ்பத்திரி அஞ்சு நிமிஷ தூரம். அவரு போறப்ப அம்மாவத் துணி போட்டு மூடியிருந்தாங்க."

"இது யாரு சொன்னது?"

"மாமா. அவருதான் என்னைய வளத்தாரு. கல்யாணமே பண்ணிக்கிடல. எனக்குக் காதுகுத்து, படிப்பு, கல்யாணம் எல்லாம் அவருதான். மேல அவரு ரூம்புல இருந்த பிலிம் பெட்டி மேலதான் நான் தூங்குவேன். செத்து மூணு வருசம் ஆச்சு."

"அப்பா என்ன சொல்லுதாரு?"

"சிலைடு வரவே இல்ல, படம் முடிஞ்சப்புறம்தான் வந்துச்சுங்காரு. நாப்பத்தோரு வருசமா அதே பேச்சு. படம் பாத்தவங்கள்ல பாதிப் பேரு வந்துச்சுன்னாங்க, பாதிப் பேரு இல்லைன்னாங்க. தெனமும் நாலு சிலைடு வார கொட்டகையில யாரு எத ஞாபகம் வச்சிருக்கா? நான் அவரு மொகத்தையே நல்லாப் பாத்ததில்ல. ஆறு நாளா அதே பெரியாஸ்பத்திரியில கெடக்காரு. என்னையப் பாக்கணும்ங்காராம்."

ஜெசிந்தா பேனாவை மூடினாள். "சிலைடு வந்திருந்தா?"

"போக மாட்டேன். வரலைன்னா இன்னைக்கே, இப்பவே போவேன்."

"எது வேணும்னு ஆசப்படுறீங்க?"

சண்முகக்கனி கைப்பிடியில் இருந்த துருவை நகத்தால் சுரண்டினார். "எங்க மாமா பொய் சொல்லியிருக்கக் கூடாதுன்னு ஆசப்படுதேன்."

ஆபரேட்டர் அறையில் புரொஜெக்டர்களை எப்போதோ பிரித்து எடுத்துப் போயிருந்தார்கள். தரையில் அவை நின்ற இடம் மட்டும் திருகாணித் துளைகளாக இருந்தது. சண்முகக்கனி நேரே மூலைக்குப் போய், காரை பெயர்ந்த மாடத்துக்குள் கையை விட்டு ஒரு பிஸ்கட் டின்னை எடுத்தார். உள்ளே, பழைய வேட்டித்துண்டில் சுற்றி, உள்ளங்கை அகலத்தில் ஒரு கண்ணாடித்தகடு.

"மாமா கையெழுத்து" என்றார்.

ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். குண்டு குண்டான எழுத்து. 'கீழத்தெரு தீப்பெட்டி ஆபீஸ் அய்யாக்குட்டி உடனே பெரியாஸ்பத்திரிக்கு வரவும்.'

"பாத்தியா தாயி? எழுதியிருக்காரு."

"எழுதினது சரிக்கா" என்றாள் ஜெசிந்தா. சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாமோ என்று தோன்றியது. "எப்பப் போட்டாருன்னுதானே பாக்கணும். ஒரு ஆட்டம் முடிஞ்சா சிலைட ஈரத்துணியால அழிச்சுட்டு அடுத்தது எழுதுவாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க? இத மட்டும் ஏன் அழிக்கல?"

சண்முகக்கனி தகட்டை மறுபடி துணியில் சுற்றினார்.

"சிலைடுன்னா வெளிச்சம்தானே. சுவத்துல சத்தம்தான் விழும்" என்றாள் ஜெசிந்தா, பேச்சை மாற்ற.

"தரை டிக்கெட்டுல முக்காவாசிப் பேருக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. சிலைடு விழுந்தா, படிச்சவன் எவனாவது ஒருத்தன் கொட்டகை அதிர வாசிப்பான். மத்தவன்லாம் 'ஏலே, ஒம் பொண்டாட்டி கூப்பிடுதாடோய்'னு கத்துவான். சத்தமில்லாம ஒரு சிலைடும் இங்க வந்ததில்ல."

ஜெசிந்தாவுக்கு அதைக் கேட்டதும் மனம் கொஞ்சம் தெளிந்தது. அளக்கக்கூடிய ஒன்று கிடைத்துவிட்டது. வாசிக்கிற சத்தம் இருந்தால் சிலைடு வந்தது. இல்லாவிட்டால் வரவில்லை.

விதிகளைச் சொன்னாள். கதிர் ஓடும்போது கீழே ஒருவரும் அசையக் கூடாது, பேசக் கூடாது. இருபது நிமிடம் ஒரு பட்டை. நாலரை மணிவரைக்கும் போக இரண்டு பட்டை போதும். பாதியில் நிறுத்தினால் மிச்சப் பட்டை கருகிப் போகும். ஆனாலும் அவசரம் என்றால் மேலிருந்து ஓட்டை வழியாக டார்ச் அடிப்பாள், நாசர் நிறுத்துவார். செல்போன் எல்லாம் மேலே அவளிடம்.

சண்முகக்கனி போனை நீட்டும்போது கையை விடாமல் பிடித்துக்கொண்டார். "எங்க வீட்டுக்காரரு ஆஸ்பத்திரியிலதான் நிக்காரு. ஏதும்னா தகவல் சொல்லுவாரு."

"வந்தா ஒடனே சொல்லுதேன்க்கா. நான் பாத்துக்கிடுதேன்."

11.30. முதல் பட்டை தொடங்கியது.

11.50க்கு முடிந்ததும், எந்திரம் அதைத் திருப்பிப் போட்டு நேராக்கியது. ஜெசிந்தா ஓட்டை வழியாகச் சின்ன ஸ்பீக்கரைத் தொங்கவிட்டாள். காலியாகக் கிடந்த கொட்டகைக்குள் இருநூறு பேர் இருமினார்கள். யாரோ ஒரு குழந்தையை அதட்டினார்கள். படத்தின் கடைசி இசை, பெஞ்சுகள் உரசும் சத்தம். பிறகு ஓர் இளைஞனின் குரல், பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற மாதிரி:

"கீழத்தெரு... தீப்பெட்டி ஆபீஸ்... அய்யாக்குட்டி... உடனே... பெரியாஸ்பத்திரிக்கு வரவும்!"

"ஏ அய்யாக்குட்டி, புள்ள பொறந்துட்டு போலுக்குலே! முட்டாய் வாங்கிட்டுப் போ!" சிரிப்பு.

மணலில் ஒருவன் ஓடிவரும் சத்தம். ஓட்டைக்கு நேர் கீழே வந்து நின்று மேலே பார்த்துக் கத்துகிறான். "மச்சான்! எப்ப வந்தது இது?"

மேலே ஒரு நொடி ஒன்றுமில்லை.

"இப்பத்தான் மாப்ள வந்துச்சு. ஓடு, ஓடு."

சண்முகக்கனி கீழே மணலில் உட்கார்ந்துவிட்டார். "மாமா" என்றார். "இருமல் வாரதுக்கு முந்துன குரலு." கொஞ்சம் கழித்து, தனக்குத்தானே பேசுவதுபோல, "எங்கப்பா குரலு இப்படியா இருந்துச்சு? சின்னப்பையன் குரலு மாதிரில்லா இருக்கு."

நாசர் எந்திரத்தைத் துடைப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் அன்று அதற்குமேல் கேலி பேசவில்லை.

"நிறுத்திருவோமாக்கா?" என்றாள் ஜெசிந்தா மேலிருந்து.

"நிறுத்தாத." சண்முகக்கனி எழுந்து சேலையிலிருந்த மணலைத் தட்டினார். "இது ரெண்டாவது தடவ போட்டதா இருக்கும். நாலரைக்கு ஒரு தடவ போட்டு, இவரு எந்திரிக்கலைன்னு கடைசியில திரும்பப் போட்டிருப்பாரு. அவசரத்துல இப்பத்தான்னு சொல்லியிருப்பாரு. நாலரை மணிக்குப் போங்க."

12.12. இரண்டாவது பட்டை.

12.14. போன்களைப் போட்டுவைத்திருந்த பெட்டிக்குள் சண்முகக்கனியின் போன் ஒளிர்ந்தது.

ஜெசிந்தா முதலில் நேரத்தைத்தான் எழுதினாள். கை பழகிவிட்டிருந்தது. பிறகுதான் வாசித்தாள். 'ஒங்கப்பாவுக்கு மூச்சு இழுக்குது. ஒன் பேரச் சொல்லிக்கிட்டே இருக்காரு. ஒடனே வா.'

டார்ச்சைக் கையில் எடுத்தாள். ஓட்டைக்கு அந்தப் பக்கம், மணலில் போட்ட நாற்காலியில் சண்முகக்கனி கண்ணை மூடி, பிஸ்கட் டின்னை மடியில் வைத்துக்கொண்டு, அசையாமல் இருந்தார். சுவரில் ஊசிமுனை அளவு நீலப்புள்ளி ஊர்ந்துகொண்டிருந்தது. இப்போது விளக்கைப் போட்டால் மிச்சம் பதினெட்டு நிமிடமும் கருகிப் போகும். விடை தெரியாமல் போய் அப்பாவின் முன்னால் எந்த முகத்தோடு நிற்பார்? ஒருவேளை போகாமலே இருந்துவிட்டால்? தெரிந்துகொண்டு போகட்டும். முழு மனசோடு போகட்டும். ஆறு நாளாகத்தான் இப்படி இருக்கிறாராம். பதினெட்டு நிமிடம். ஆஸ்பத்திரிக்கு நடந்தாலும் ஐந்து நிமிடம்.

அவள் நினைத்த ஒவ்வொன்றும் சரியாகத்தான் இருந்தது. அதுவே அவளுக்குப் பயமாகவும் இருந்தது.

12.16. அழைப்பு. 12.19. மறுபடியும். ஜெசிந்தா போனைக் கவிழ்த்து வைத்தாள். டார்ச் இன்னும் இடது கையில்தான் இருந்தது. அதன் பித்தான்மேல் கட்டைவிரல். 12.21க்கு அதைக் கீழே வைத்தாள். அதையும் எழுதினாள்.

12.32க்குக் கதிர் அணைந்தது. திருப்பிப் போட்டு, ஹெட்போனை மாட்டாமல், நேராகவே ஸ்பீக்கரில் விட்டாள். முதலில் தான் மட்டும் கேட்டுவிட்டுச் சொல்வதா வேண்டாமா என்று யோசிக்கிற தைரியம் அவளுக்கு இல்லை.

ஒரு பாட்டின் கடைசி வரி. விசில். அதற்கு நடுவே, ஓட்டையின் உள்பக்கமிருந்து மூச்சிரைக்க ஒரு பெண்குரல். "ஏ மாரி! ஒந்தங்கச்சிக்கு ரத்தம் நிக்கலைங்காங்க. அய்யாக்குட்டி வந்து கையெழுத்துப் போடணுமாம். சிலைடு போடு!"

"இந்தா எழுதிட்டேன்கா, நீ போ. போட்டுருதேன்."

படியில் இறங்கும் காலடி. பிறகு தங்கமாரியின் குரல், வேறு யாரோடோ, உதவியாளாக இருக்கலாம். "க்ளைமாக்ஸ் ஓடுது. இப்ப சிலைடு போட்டா பெஞ்ச ஒடப்பானுவ, மேல மொதலாளி வேற இருக்காரு. தலப்பிரசவம்தானே, அதுபாட்டுக்கு ஆகும். நாலு ரீல்தான். முடியட்டும்."

அதன் பிறகு படம்தான். வசனம், சண்டை, கைதட்டல். பட்டை முடிகிறவரை ஒருவனும் எதையும் வாசிக்கவில்லை.

சண்முகக்கனி அழவில்லை. டின்னை நாற்காலியின்மேல் வைத்தார், மெதுவாக, தூங்குகிற ஆளின் பக்கத்தில் வைப்பதுபோல. இரும்புப் படியில் அவர் ஏறிவருவது ஒவ்வொரு படியாகக் கேட்டது.

"போறேன் தாயி. அப்பாவப் பாக்கணும். போனக் குடு."

ஜெசிந்தா கொடுத்தாள். திரை ஒளிர்ந்தது. அவள் பார்த்த மூன்றுக்கும் கீழே, அவள் பார்க்காத ஒன்று இருந்தது. 12.29. 'போயிட்டாரு.'

சண்முகக்கனி விரலால் மேலே தள்ளினார். 12.19. 12.16. 12.14. பிறகு நிமிர்ந்தார். கேள்வியில் கோபமே இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஒன்றுதான் இருந்தது.

"நீ எப்பத் தாயி பாத்த?"

'இப்பத்தான்க்கா' என்பது ஜெசிந்தாவின் நாக்கில் தயாராக இருந்தது. எழுத வேண்டாம், யோசிக்க வேண்டாம், அதுவாகவே வந்து உட்கார்ந்திருந்தது. போன் கவிழ்ந்து கிடந்தது, நான் கேட்டுக்கொண்டிருந்தேன், இப்பத்தான். நம்பிவிடுவார். நாசரும் நம்புவார். இந்தச் சுவர் நாளைக்கு இருக்காது. இருந்தாலும் பீடிப்புகை இல்லாத கொட்டகையில் எதுவும் பதியாது. தங்கமாரிக்கு அந்த ஒரு நொடியில் என்ன நடந்தது என்று அவளைத் தவிர இப்போது உலகத்தில் யாருக்கும் தெரியாது.

அவள் நோட்டைத் திருப்பி நீட்டினாள்.

'12.14. போன் ஒளிர்ந்தது. வாசித்தேன்.
12.16. அழைப்பு.
12.19. மறுபடி. போனைக் கவிழ்த்தேன்.
12.21. டார்ச்சைக் கீழே வைத்தேன்.'

சண்முகக்கனி விரல் வைத்து வரிவரியாக வாசித்தார். உதடு அசைந்தது. கடைசி வரியில் விரல் நின்றது. இப்போது அடித்தால்கூட நல்லது என்று ஜெசிந்தாவுக்கு இருந்தது.

"நல்லதுக்குத்தான் செஞ்சிருப்ப" என்றார் சண்முகக்கனி.

அது மன்னிப்பா, தண்டனையா என்று தெரியவில்லை.

"மாமாவும் கெட்டவரு இல்ல" என்று சேர்த்தார். "இத இப்படி எழுதி வச்சிருந்தாருன்னா, எனக்கு ஒரு அப்பா இருந்திருப்பாரு. அவ்வளவுதான்."

நோட்டை மேசையில் வைத்துவிட்டுப் படியிறங்கினார். கொட்டகையைக் கடந்தார். நாற்காலியில் இருந்த டின்னை எடுப்பாரா என்று ஜெசிந்தா ஓட்டை வழியாகப் பார்த்தாள். தாண்டிப் போய்விட்டார். வாசல் வெளிச்சத்தில் அவர் ஓட்டமும் நடையுமாகப் போவது தெரிந்தது, இனி ஓட வேண்டிய அவசரம் இல்லாத ஆள், அந்த ஐந்து நிமிட தூரத்துக்கு.

"ஜெசி!" கீழிருந்து நாசர் கத்தினார். "என்னம்மா ஆச்சு? அவங்க பாட்டுக்கு ஓடுதாங்க?"

"வாரேன்ணே, சொல்லுதேன்."

போவதற்கு முன்னால் நோட்டை இழுத்து எழுதினாள்: '12.58. சண்முகக்கனி கிளம்பினார். அவர் கேட்டபோது நான் பொய் சொல்லவில்லை.'

எழுதியதைத் திரும்ப வாசித்தாள். இரண்டாவது வாக்கியம் யாருக்காக எழுதியது என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. அதைக் குறுக்கே அடித்தாள். நேரத்தை மட்டும் விட்டுவைத்தாள்.